உடங்காட்டில் சைக்கிள் தடம்

அதைக் காடு என்று சொன்னால் குற்றாலத்து மலையைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல் நிலம் முடிந்து சரள் மண் மேடேறும் இடத்தில், உச்சி தட்டையாகக் குடை விரித்த உடைமரங்கள் மைல் கணக்கில் நிற்கும்; அதனால் உடங்காடு. இடையிடையே விடத்தலை, இலந்தை, கள்ளிப் புதர். நிழலும் சல்லடையில் சலித்தது மாதிரிதான் விழும். உட்கார்ந்தால் பாதி உடம்புக்கு வெயில் படும். தரையெல்லாம் முள். வெள்ளையாக, ஒரு விரல் நீளத்துக்குக் கிடக்கும். புள்ளிமான் உண்டு என்பார்கள். நான் அங்கே இருந்த ஐம்பது நாளில் ஒரு மானைப் பார்த்தேன், அதுவும் அதன் பின்பக்கத்தை.

போன மாதம் அந்தக் காட்டுக்கு மறுபடி போனேன். கூட வந்தது என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவள், எழுபத்தாறு நடக்கிறது. போகவேண்டும் என்று சொன்னதும் அவள்தான். அந்தப் பயணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் எனக்குப் பத்து வயதாக இருந்தபோது வந்த கோடையைச் சொல்லியாக வேண்டும். இதை வாசிக்கிற பலருக்கும் என் வயது இருக்கும். அதனால் சில விஷயங்களை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கோடையில் என் தம்பிக்கு அம்மை கண்டிருந்தது. கோவில்பட்டி வீட்டு வாசலில் வேப்பிலை செருகிய அன்றைக்கே அப்பா என்னைப் பெரியம்மா ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டார். பெரிய ரோட்டில் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் இறங்கினேன். பெரியப்பா மாட்டு வண்டியோடு காத்திருந்தார். அங்கிருந்து ஊருக்கு மூன்று மைல். பருத்தி எடுத்து முடிந்த புஞ்சைக் காடுகள், கரிசல் முழுக்க வெடித்துப் போய்க் கிடந்தது. என் கையிலிருந்த ரப்பர் பந்து வண்டி ஆட்டத்தில் தவறி விழுந்து உருண்டு ஒரு வெடிப்புக்குள் போய்விட்டது. பெரியப்பா வண்டியை நிறுத்தி இறங்கி, தார்க்கம்பை உள்ளேவிட்டுத் துழாவினார். கம்பு முழுசாக உள்ளே போயிற்று.

"மழை பெய்ஞ்சா மூடிக்கிடும். இனி அது பூமிக்குத்தான்" என்றார். பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அழுவாதட்டி. சந்தைக்குப் போகையில வேற வாங்கித் தாரேன்" என்றார்.

சொன்னபடி வாங்கியும் தந்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் அவர் செய்த காரியத்தை வாசிக்கும்போது அவரை ஒரு முரடராக நினைத்துவிடக் கூடாது. எனக்குத் தெரிந்த பெரியவர்களில் குழந்தைகளிடம் குரலை உயர்த்தாதவர் அவர் ஒருவர்தான்.

ஊரில் அறுபது வீடு இருக்கும். ஊர் முடிந்து ஒரு ஓடையைத் தாண்டினால் காடு. காட்டுக்கு நடுவே ஒரு வண்டித்தடம் போகும். அதன் மறு கோடியில் ஒரு சின்ன ஊர், பதினைந்து குடிசை. காலைக் கஞ்சியைக் குடித்துவிட்டு அக்கா விறகுக்கும், ஆட்டுத் தீனிக்கு உடைமரத்தின் காய்ந்த நெத்து பொறுக்கவும் காட்டுக்குப் போவாள். இரண்டாம் நாளிலிருந்து நானும் கூடப் போனேன். வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும் என்பது பெரியம்மாவின் கட்டளை.

அக்காவுக்குப் பதினெட்டு. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றிருந்தது. அதற்குமேல் படிக்கக் கோவில்பட்டிக்குத்தான் வரவேண்டும். தினமும் மூன்று மைல் நடந்து பஸ் பிடித்துப் போய் வர ஒரு பெண்பிள்ளையை அந்த ஊரில் யாரும் அனுப்பவில்லை. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியம்மா வீட்டுக்கு எதிரே ஒரு அறையில் கிராம சேவிகா குடியிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கைக்குழந்தைகளை எடை போடுவதும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குச் சத்துமாவு கொடுப்பதும் அவர் வேலை. சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய்வர அவருக்கு அரசாங்கம் ஒரு சைக்கிள் கொடுத்திருந்தது. பெண்கள் ஓட்டும் சைக்கிள், நடுவில் கம்பி இருக்காது. சேலை மாட்டாமல் இருக்கப் பின்சக்கரத்தில் நூல் வலை கட்டியிருந்தது. ஒரே குறை, அவருக்கு ஓட்டத் தெரியாது. மாவு மூட்டையைக் கேரியரிலும் எடைத் தராசை ஹேண்டில் பாரிலும் மாட்டிக்கொண்டு, அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஊர் ஊராக நடப்பார். அவர் தெருவில் போனால் ஆண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கழுதைக்குப் பதிலாக சைக்கிள் வைத்திருக்கிறார் என்று பேச்சு.

அந்த சேவிகாதான் அக்காவிடம் ஒரு செய்தி சொல்லியிருந்தார். சுற்றியுள்ள மூன்று ஊருக்கும் சேர்த்து ஒரு பால்வாடி டீச்சர் போடப் போகிறார்கள். எட்டாம் வகுப்பு போதும். ஆனால் மூன்று ஊருக்கும் அந்தப் பெண் தானாகப் போய் வரவேண்டும், வாரம் ஒருநாள் கோவில்பட்டிக்குக் கூட்டத்துக்கும் வரவேண்டும்.

"சைக்கிள் ஓட்டத் தெரிஞ்ச பொண்ணுன்னா அதிகாரிகிட்ட நான் தைரியமா சொல்லுவேன்" என்றாராம். "நான்தான் கத்துக்கல. நீயாவது கத்துக்கோயேன்."

கரிசலில் சைக்கிள் ஓடாது. ஈரத்தில் சக்கரத்தோடு அப்பும், கோடையில் வெடிப்பில் மாட்டும். ஊர்த்தெருவில் பழகமுடியாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மிச்சம் இருந்தது காட்டுக்குள் போகும் சரள் தடம் ஒன்றுதான். தார் ரோடு மாதிரி இறுகிக் கிடக்கும். ஆள் நடமாட்டம் குறைவு. சேவிகா காலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காட்டுக்குள் வருவார். ஒரு திருப்பத்தில் எங்களிடம் கொடுத்துவிட்டு, மாவு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு காட்டுக்கு அப்பாலிருந்த அந்தச் சின்ன ஊருக்கு நடந்துபோவார். திரும்பி வரும்போது வாங்கிக்கொள்வார்.

"அரசாங்க வண்டியை இன்னொருத்தர்கிட்ட குடுத்தேன்னு தெரிஞ்சா என் வேலைக்கே ஆபத்து வந்துடும். ரெண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது" என்று முதல் நாளே சொன்னார். அக்கா என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

எனக்கு இரண்டு வேலை. முதல் ஒரு வாரம் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவது. இரண்டாவது வேலை கடைசிவரை இருந்தது: தடத்தைப் பெருக்குவது. உடைமுள் டயரில் ஏறினால் முடிந்தது. காய்ந்த பருத்திச் செடியின் மாரை ஒடித்துக் கட்டிய ஒரு விளக்குமாற்றைப் புதரில் ஒளித்து வைத்திருந்தோம். காலையில் போனதும் நான் அரை பர்லாங்கு தூரத்துக்குத் தடத்தை வாசல் பெருக்குவதுபோல் பெருக்குவேன். புழுதி மூக்கில் ஏறும். அப்போது உடைமரங்கள் பூத்திருந்தன. சின்னச் சின்ன மஞ்சள் உருண்டைகள். அந்த மணத்தை நான் வேறெங்கும் முகர்ந்ததில்லை. ஆட்டுப் புழுக்கை வாடையோடு கலந்துதான் எனக்கு அது நினைவிருக்கிறது.

அக்கா நிறைய விழுந்தாள். ஒவ்வொரு முறையும் எழுந்ததும் முதலில் சைக்கிளைத்தான் தடவிப் பார்ப்பாள். பெயின்ட் உரிந்தால் சேவிகாவைக் கேட்பார்களே என்று பயம். தொடையில், முழங்காலில், விலாவில் எல்லாம் கன்றிப்போயிருந்தது. பத்துப் பன்னிரண்டு நாளில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. பிறகு நான் ஓட வேண்டியதில்லை. பெருக்கி முடித்துவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்திருப்பேன். அவள் அந்த அரை பர்லாங்கில் போவாள், திரும்புவாள், வருவாள். பாவாடையை இழுத்துச் செருகியிருப்பாள். முகத்தில் சிரிப்பு எதுவும் இருக்காது, கணக்குப் போடுகிறவள் மாதிரி இருப்பாள்.

அப்படி ஒரு நாள் நான் பெருக்கியதை மீறி ஒரு முள் ஏறிவிட்டது. பின்சக்கரத்தில் காற்று சத்தத்தோடு இறங்கியது. சேவிகா திரும்பிவர இன்னும் நேரம் இருந்தது. அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரத்தில்தான் தபால்காரர் வந்தார்.

இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது ஆள். கிழக்கே இரண்டு மைலில் அவர் ஊர். வாரம் இரண்டு முறை எங்கள் ஊருக்கும் காட்டுக்கு அப்பால் இருந்த சின்ன ஊருக்கும் தபால் கொண்டுபோவார். அவர் ஊரில் அவர் வீடு இருந்தது, எங்கள் ஆட்கள் கால் வைக்காத தெருவில். என் வயதுக்காரர்களுக்கு இவ்வளவு போதும்.

சைக்கிளை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரத்திலேயே நின்று கேட்டார். "என்ன தாயி, முள்ளா?"

அக்கா தலையாட்டினாள். அவர் தன் பையிலிருந்து பஞ்சர் சாமான்களை எடுத்தார். எங்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டியூபை வெளியே இழுத்து, கொஞ்சம் காற்றடித்து, கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து எங்கே காற்றுப் படுகிறது என்று பார்த்தார். அரைமணி நேரத்தில் ஒட்டிக் கொடுத்துவிட்டார். பிடுங்கிய முள்ளை என்னிடம் காட்டி, "தடத்தைப் பெருக்குதது நீங்கதானா? நல்லாத்தான் பெருக்கியிருக்கீக. இது காத்துல வந்து விழுந்தது" என்றார். எனக்கு முதன்முதலாக ஒரு பெரிய ஆள் மரியாதை கொடுத்துப் பேசியது அன்றுதான்.

"யார்ட்டயும் சொல்லிராதீக. சேவிகாம்மா வேலைக்கு மோசம் வந்துரும்" என்றாள் அக்கா.

"நான் எதுக்குத் தாயி சொல்லப் போறேன். தபாலைத் தவிர வேற எதையும் கொண்டுபோய்க் குடுக்கது என் வேலை இல்ல."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் எங்களைக் கடந்து போகும்போது மணியடிப்பார். நிற்கமாட்டார்.

பால்வாடி வேலைக்கு நேர்முகம் ஒரு வெள்ளிக்கிழமை என்று கடிதம் வந்தது. சேவிகாவின் விலாசத்துக்குத்தான் வந்தது. அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, பெரியம்மா அக்காவுக்கு எண்ணெய் தேய்க்கும்போது தொடையில் கறுத்திருந்த இடங்களைப் பார்த்துவிட்டாள். மரத்தில் ஏறி விழுந்தேன் என்றாள் அக்கா. விறகுக் கட்டு நாளுக்கு நாள் சிறுத்து வருவதையும் பெரியம்மா ஏற்கெனவே கவனித்திருந்தாள். அன்று சாயங்காலமே ஆடு மேய்க்கிறவர் பெரியப்பாவைத் தேடி வந்தார். காணாமல்போன ஆட்டைக் குளம்படியை வைத்தே கண்டுபிடிக்கிற ஆள். அவர் சொன்னதை நான் வாசல் நடையில் உட்கார்ந்து கேட்டேன்.

"அண்ணாச்சி, காட்டுத் தடத்துல சைக்கிள் சுவடு கிடக்கு. ஒரே இடத்துலயே போயிட்டும் வந்துட்டும் இருந்திருக்கு."

"அந்தச் சேவிகா வண்டியா இருக்கும்."

"அந்தம்மா தள்ளிக்கிட்டுல்லா போவாக. தள்ளிட்டுப் போனா பக்கத்துல காலடி இருக்கணும். இங்கன காலடியே இல்ல. ஏறி ஓட்டுன சுவடு. தடத்தைப் பெருக்கி வேற வச்சிருக்கு, வீட்டு வாசல் மாதிரி." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நம்ம பிள்ளை செருப்புத் தடமும் அங்கன ஓரத்துல கிடக்கு."

அந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்தத் தடத்தில் சைக்கிள் ஓட்டிவரும் ஆள் ஒருவர்தான்.

மறுநாள் மத்தியானம் அவர் என்னைக் கட்டிலில் பக்கத்தில் உட்காரவைத்துக் காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். குரல் வழக்கம்போல மெதுவாகத்தான் இருந்தது.

"காட்டுக்குள்ள அக்கா யார்கூடயாவது பேசுதாளா?"

"இல்ல பெரியப்பா."

"தபால்காரன் அங்கன வாரானா?"

சைக்கிளைப் பற்றிச் சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்திருந்தேன். தபால்காரரைப் பற்றி யாரும் சத்தியம் வாங்கவில்லை. பொய் சொல்லக்கூடாது என்றும் எனக்குத் தெரியும்.

"ஒரு நாள் வந்தாக" என்றேன்.

"வந்து?"

நான் வாயை மூடிக்கொண்டேன். அடுத்த வார்த்தை சொன்னால் சைக்கிள் வந்துவிடும். அவர் இரண்டு மூன்று முறை கேட்டார். நான் காராச்சேவை வாயில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தேன். அவர் என் தலையைத் தடவி, "சரி, போய் விளையாடு" என்றார். நான் தப்பித்துவிட்டதாக நினைத்தேன். சத்தியத்தையும் காப்பாற்றியாயிற்று, பொய்யும் சொல்லவில்லை என்று எனக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை எங்களைக் காட்டுக்கு அனுப்பவில்லை. அக்கா உள்ளறையில் உட்கார்ந்து, மறுநாள் கொண்டுபோக வேண்டிய விண்ணப்பத்தை நல்ல கையெழுத்தில் இரண்டாவது முறை எழுதிக்கொண்டிருந்தாள். தோய்த்த தாவணியை மடித்து டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாள், மடிப்பு நிற்பதற்காக. கோவில்பட்டிக்கு எப்படிப் போவது என்று அவள் ஏதோ திட்டம் வைத்திருந்தாள். சேவிகாவோடு மருந்து வாங்கப் போவதாகச் சொல்வதாக இருந்திருக்கலாம்.

உச்சிப் பொழுதுக்குத் தபால்காரர் ஊருக்குள் வந்தார். ஊர் கூடும் மடத்து முன்னால் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். பெரியப்பா நடுவில் நின்றார். நான் சத்தம் கேட்டு ஓடிப்போய் மடத்துச் சுவர் ஓரம் நின்றுகொண்டேன்.

"காட்டுக்குள்ள என்னடா சோலி ஒனக்கு?"

"தபால் குடுக்கப் போவேன்யா."

"எங்க பிள்ளையோட ஒனக்கு என்னடா பேச்சு?"

அவர் பதில் சொல்லவில்லை. இன்னொருவர் கேட்டார், அதற்கும் பதில் இல்லை. முதல் அடி யார் அடித்தது என்று நான் பார்க்கவில்லை. மாட்டுச் சாட்டைக்கம்பு. தலையில் விழாமல் இருக்க அவர் இடது கையைத் தூக்கினார். கம்பு மணிக்கட்டில் பட்ட சத்தம் கேட்டது, காய்ந்த சுள்ளி ஒடிவது போல. தபால் பை கீழே விழுந்து கார்டுகளும் நீலக் கடிதங்களும் சிதறின. அப்போது ஒரு பெரியவர், "ஏலே, கடுதாசியை மிதிச்சிராதீக. சர்க்காரு சாமான்" என்றார். இரண்டு பேர் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கடிதங்களைப் பொறுக்கினார்கள்.

நான் வீட்டுக்கு ஓடினேன். அக்கா பேனாவை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். "அக்கா, தபால்காரகளை அடிக்காக" என்றேன். அவள் எழுந்து நேராக எதிர்வீட்டுக்குப் போனாள். சேவிகா அன்று பஸ்ஸில் வெளியூர் போயிருந்தார், சைக்கிள் வெளியே சாக்கு போர்த்தி நின்றது. சாக்கை உருவிப் போட்டாள்.

அந்த ஊர்த்தெருவில் ஒரு பெண் சைக்கிளில் போனது அதுதான் முதல் தடவை. பாவாடையைச் செருகிக்கொண்டு ஏறி, மடத்தைப் பார்த்து வந்தாள். கூட்டம் தானாக விலகியது. அவள் நிற்கவில்லை, தெருக்கோடிவரை போய்த் திரும்பி, மறுபடி வந்து மடத்துக்கு முன்னால் இறங்கினாள். விழவில்லை. மூச்சுகூட வாங்கவில்லை.

"காட்டுல கிடக்க சுவடு என் சுவடு" என்றாள். "போய் ஒத்துப் பாருங்க."

ஆட்டுக்காரர் குனிந்து புழுதியில் பதிந்திருந்த டயர்த் தடத்தைப் பார்த்தார். "இதே டயருதான் அண்ணாச்சி" என்றார்.

அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். பெரியப்பா, "ஒனக்குக் கத்துக்குடுத்தது யாரு?" என்று கேட்டார்.

"யாருமில்ல. நானாத்தான் பழகினேன்."

"ஒரு பொட்டப்பிள்ளை தானா சைக்கிள் பழகுமா?" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். எல்லோரும் தபால்காரரைப் பார்த்தார்கள். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் பின்னால பிடிச்சுக்கிட்டு ஓடினேன்" என்றேன். யாரோ சிரித்தார்கள். அதற்குமேல் என்னை யாரும் கேட்கவில்லை.

சேவிகா வந்துதான் அது நின்றது. வெளியூரிலிருந்து வந்தவர் மாவு மூட்டையைக்கூட இறக்கிவைக்காமல் கூட்டத்துக்குள் நுழைந்தார். "வண்டியைக் குடுத்தது நான். பழகச் சொன்னதும் நான். அரசாங்க ஊழியரை அடிச்சிருக்கீங்க, இப்ப யாராவது கையை ஓங்குங்க பாப்போம்" என்றார். அவர்களுக்கு அரசாங்கம் என்ற சொல் மட்டும் கேட்டது. ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். தபால்காரர் பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு, ஒற்றைக் கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை அக்கா நேர்முகத்துக்குப் போகவில்லை. ஒரு மாதத்தில் சேவிகாவுக்கு மாற்றல் வந்தது. சைக்கிளும் அவரோடு போயிற்று. காட்டு வழித் தபாலுக்கு ஒரு வயதான ஆள் வரத் தொடங்கினார். அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம், ஓட்டப்பிடாரம் பக்கத்தில். என்னைக் கோவில்பட்டிக்குத் திருப்பிக் கொண்டுவந்து விட்டபோது பெரியப்பா அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பேச்சு எங்கள் குடும்பத்தில் அதற்குப் பிறகு எடுக்கப்படவே இல்லை.

நான் பின்னால் டெலிபோன் ஆபரேட்டரானேன். அப்போது தபாலும் டெலிபோனும் ஒரே இலாகா. கோவில்பட்டியில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், கடிதம் பிரிக்கும் மேஜையில் ஒரு ஆளைப் பார்த்தேன். இடது மணிக்கட்டு கொஞ்சம் திரும்பியிருந்தது. நான் யாரென்று சொன்னேன். அவர் கையிலிருந்த கடிதக் கட்டைக் கீழே வைத்துவிட்டு, "தடத்தைப் பெருக்குன பிள்ளை" என்றார்.

இருபது வருடத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்து அறையில் வேலை பார்த்தோம். ஒருமுறை மட்டும் நான் கேட்டேன். "அன்னைக்கு ஏன் அண்ணாச்சி உண்மையைச் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பாகளா? நம்பினாலும் அந்தச் சேவிகாம்மா வேலை போயிருக்கும். எனக்கும் சர்க்கார் வேலைதான, அது போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்." பிறகு அவர், "அக்கா நல்லா இருக்காகளா?" என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன்.

அவரைப் பார்த்ததை, தினமும் பார்க்கிறதை, நான் அக்காவிடம் சொல்லவில்லை. முதலில் பயமாக இருந்தது. அவள் வீட்டுக்காரர் முன்னால் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பிறகு சொல்லாமலே பழகிவிட்டது.

அக்காவின் வீட்டுக்காரர் தவறி மூன்று வருடம் ஆகிறது. மகனோடு இருக்கிறாள். போன மாதம் ஒரு கல்யாணத்துக்குக் கோவில்பட்டி வந்தவள், "உடங்காட்டைப் பாக்கணும்டி" என்றாள். வாடகைக் கார் வைத்துக்கொண்டு போனோம். கரிசல் காட்டில் இப்போது மின்சாரக் காற்றாடிகள் நிற்கின்றன. காட்டின் ஓரமெல்லாம் சீமைக்கருவேலம் அடைத்திருக்கிறது. வனத்துறை வேலியும் பலகையும் வைத்திருக்கிறது. வாசலில் இருந்த காவலாளி வயதைப் பார்த்து, கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வாருங்கள் என்று விட்டார். சரள் தடம் அப்படியே இருந்தது. முள்ளும் இருந்தது. நான் எதிர்பார்த்ததுபோல் மனசில் ஒன்றும் பொங்கவில்லை. கால் வலித்தது.

ஒரு கல்லில் உட்கார்ந்தோம். கிட்டத்தட்ட அறுபது வருடமாக வைத்திருந்ததை அப்போது சொன்னேன். பெரியப்பா கேட்டதையும் நான் சொன்ன பதிலையும். "பாதி உண்மையச் சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டேன்க்கா. முழுசாச் சொல்லியிருந்தா அவரை அடிச்சிருக்கமாட்டாக."

அக்கா தடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்.

"எனக்கு அன்னைக்குக் காலையிலயே தெரியும்."

"என்னது?"

"அவரைப் பிடிக்கப் போறாகன்னு. எங்கம்மா விடிஞ்சதும் சொல்லிட்டா. இன்னைக்கு அவன் வரட்டும்னு அப்பா சொன்னதா சொன்னா. அப்பமே நான் உண்மையச் சொல்லியிருக்கலாம். சொன்னா வெள்ளிக்கிழமை போக விடமாட்டாக. ஒரு நாள்தான, தாண்டிருவோம்னு நினைச்சேன். அவரு அன்னைக்கு வராமக்கூடப் போகலாம்லா. ரெண்டு அதட்டுப் போட்டு விட்டுருவாகன்னு நினைச்சேன்." காலடியில் கிடந்த ஒரு முள்ளை எடுத்து ஓரமாகப் போட்டாள். "நீ வந்து சொல்லும்போது நான் விண்ணப்பத்தை எழுதிட்டு உள்ள உக்காந்திருந்தேன். மடத்துச் சத்தம் எனக்கும் கேட்டுச்சு. நீ வாரதுக்கு முன்னாலயே கேட்டுச்சு."

நான் எழுந்து, அவள் எழுந்திருக்கக் கை கொடுத்தேன்.

காருக்குத் திரும்பி நடக்கும்போது, "அவரு இருக்காரோ என்னமோ" என்றாள்.

"இல்லக்கா. நாலு வருசம் ஆச்சு."

நின்றுவிட்டாள். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். ஒரே அலுவலகம், இருபது வருடம், எல்லாவற்றையும்.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. பதிலுக்குக் காத்திராமல் காரில் ஏறிக்கொண்டாள். டிரைவரிடம் அவர் ஊர்ப் பெயரைச் சொல்லி, அந்த வழியாகப் போகச் சொன்னாள்.

வீடு எனக்குத் தெரியும். இப்போது காரை வீடு, வாசலில் பைப்பு. அவருடைய மனைவி வெளியே வந்தார். என்னை அடையாளம் தெரிந்து சிரித்தார். அக்கா தன்னை எப்படிச் சொல்வது என்று தடுமாறினாள்.

"நான் மேற்கே உடங்காட்டு ஊரு. அந்தக் காலத்துல அங்கன சைக்கிள்..."

"தெரியும்க்கா. உள்ள வாங்க. அவிய சொல்லியிருக்காக" என்றார் அந்த அம்மா. நாற்காலியை இழுத்துப் போட்டார். "நல்லா சைக்கிள் விடுவீகளாமே."

அக்கா உட்கார்ந்தாள். "அன்னைக்குக் காலையிலயே விட்டிருக்கணும்மா" என்றாள்.

அந்த அம்மா அதை என்னவென்று புரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரியாது. உள்ளே போய் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். அக்கா நிறுத்தாமல் முழுவதையும் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டாள்.

நாலு வருடத்துக்கு முன் துக்கம் கேட்க வந்தபோதும் அந்த வீட்டில் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். அன்று கையில் வாங்கி வைத்திருந்துவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் படியோரம் வைத்துவிட்டு வந்திருந்தேன். இந்த முறை குடித்தேன்.